பெட்டியில் ஆறு ஊசி

சுகுணா போய்ச் சேர்ந்தபோது ஓடைக்கரையில் இருபத்தேழு ஆடுகள் துடித்துக்கொண்டிருந்தன.

ஆடு துடிப்பது அவளுக்குப் புதிதல்ல. புதூர் கால்நடை மருந்தகத்துக்கு டாக்டராக வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. வயிறு உப்பித் துடிக்கிற ஆடு, பாம்பு தீண்டித் துடிக்கிற ஆடு, குட்டி குறுக்கே கிடந்து துடிக்கிற ஆடு என்று எத்தனையோ பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு மந்தையே, ஒரே நேரத்தில், தரைக்கு அடியிலிருந்து யாரோ பிடித்து உலுக்குவது போலத் துடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கழுத்து பின்பக்கமாக வளைந்து கொம்பு முதுகைத் தொட்டது. நாலு காலும் காற்றில் ஓடின. பல் நறநறவென்று கடிபட்டு, நாக்கு அறுந்து, நுரையோடு ரத்தம் கரிசலில் சொட்டியது. ஒரு கிடா தன் முன்னங்காலைத் தானே கடித்து எலும்பு தெரியப் பிய்த்திருந்தது. இன்னொன்று திடீரென்று எழுந்து குருடு மாதிரி ஓடி, உடைமரத்தில் முட்டி, ஒரு கொம்பு ஒடிந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே மறுபடியும் துடிக்க ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து மூன்று, தை மாதம், காலை பத்து மணி. வெள்ளூருணிப்பட்டிக்கு வடக்கே இருக்கிற புஞ்சைக்காடு அது. மூன்றாவது வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தரை வாய் பிளந்து கிடந்தது. அந்த வறட்சியில் பச்சையாக நின்றது ஒரே ஒரு பருத்திப் புஞ்சைதான். பூவனலிங்கத்தின் புஞ்சை. ஊருணியில் மிச்சமிருந்த கலங்கல் தண்ணீரை அவரும் அவர் மனைவி வெயிலம்மாளும் குடம் குடமாகத் தலையில் சுமந்து, தூருக்குத் தூர் ஊற்றிக் காப்பாற்றிய பருத்தி.

மந்தை வெயிலுமுத்துவுடையது. அவனும் அவன் தம்பி கருத்தப்பாண்டியும் மேய்க்கிறார்கள். மொத்தம் முப்பத்துநாலு உருப்படி. தின்ன ஒரு இலை இல்லாத காட்டில், அந்தப் பச்சையைப் பார்த்த ஆட்டைக் கம்பால் தடுக்க முடியவில்லை. அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை பருத்திக்குள் புகுந்து காயும் பிஞ்சுமாகத் தின்றுவிட்டிருந்தது.

"மேடம், அட்ரோபின் எடுக்கட்டுமா?" என்றார் காமராஜ். மருந்தக உதவியாளர், ஐம்பது வயது தாண்டியவர். மருந்துப் பெட்டியை மொபெட்டின் பின்னால் கட்டி ஓட்டி வந்தவர் அவர்தான். பூச்சிமருந்து தின்ற கால்நடைக்கு வழக்கமாகப் போடுகிற முறிவு ஊசி அட்ரோபின்.

சுகுணா ஒரு பெட்டையாட்டின் இமையை விரலால் நீக்கினாள். "வேண்டாம் அண்ணாச்சி. கண்மணி நல்லா விரிஞ்சிருக்கு பாருங்க. இது அட்ரோபினுக்குக் கட்டுப்படுற பூச்சிமருந்தில்ல."

வெயிலுமுத்துவின் மனைவி சுடலைச்செல்வி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "டாக்டரம்மா, இங்கன வந்து பாருங்க. இதத்தான் தின்னிருக்கு."

புஞ்சை ஓரத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டி. அடியில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தது. தவிட்டின் மேல் பால் போல வெள்ளையாக ஒரு தண்ணீர். சுகுணா குனிந்து முகர்ந்தாள். மண்ணெண்ணெயும் கற்பூரமும் கலந்தது மாதிரி ஒரு காட்டம் மூக்கில் ஏறியது. பருத்திக் காய்ப்புழுவுக்கு அடிக்கிற எண்டோசல்பான். அந்த வட்டாரத்தில் அதன் வாசனை தெரியாதவர் கிடையாது.

யாரும் தவறிக் கொட்டியதில்லை. தவிட்டில் பிசைந்து, தொட்டியில் வைத்து, ஆடு வருகிற தடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கால்நடைப் படிப்பில் சுகுணா மேல்படிப்புக்கு எடுத்துக்கொண்டது மருந்தியல். இந்தத் துடிப்பைத்தான் மூன்று வருஷம் எலிகளிடம் பார்த்தாள். மூளைக்குள் 'ஓடு' என்று ஒரு சேதியும் 'நில்' என்று ஒரு சேதியும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். கால் தூக்க ஒரு சேதி, தூக்கிய காலை நிறுத்த ஒரு சேதி. இரண்டும் சரிசமமாக இருக்கிற வரைக்கும்தான் ஆடு ஆடாக நடக்கும், மனிதன் மனிதனாக நடப்பான். இந்த விஷம் 'நில்' என்கிற சேதி நுழைகிற வாசலில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு ஓடு, ஓடு, ஓடு மட்டும்தான். உடம்பு தன்னைத்தானே அடித்துக் கொல்லும்.

மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. அடைபடாமல் மிஞ்சியிருக்கிற வாசல்களை அகலத் திறந்துவிடுகிற டயஸெபாம் ஊசி இருந்தது. விஷம் உடம்பை விட்டு இறங்குகிற வரை அது தாக்குப்பிடிக்கும். அரசாங்கம் அனுப்புகிற பெட்டியில் அது வருவதில்லை. சுகுணாவே கோவில்பட்டியில் வாங்கி வைத்திருந்தாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஆறு ஊசி.

"ஆறுதான் இருக்கு" என்றாள். "சினையாடு எது எதுன்னு காட்டுங்க."

வெயிலுமுத்து முன்னால் வந்தான். நாற்பது வயசுக்காரன், ஊரில் யாரிடமும் குரலை உயர்த்தாதவன் என்று பெயர். மந்தைக்கு நடுவே போய் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து, நாலு ஆட்டைக் கையால் காட்டினான். ஐந்தாவதைக் காட்டும் முன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். துடிப்பு திரும்ப வந்தால் போட இரண்டை மிச்சம் வைத்துவிட்டு, சுகுணா அந்த நாலுக்கும் போட்டாள். காமராஜ் தலையை அமுக்கிக்கொள்ள, கழுத்து நரம்பைத் தேடி, துள்ளுகிற உடம்போடு தானும் துள்ளி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். முதல் ஆடு மூச்சை இழுத்து விட்டுக் காலை நீட்டி அடங்கியபோது சுடலைச்செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மிச்சத்துக்கு?"

"மூஞ்சியில வெயில் படாம துணி போடுங்க. யாரும் சத்தம் காட்டாதீங்க. சின்னச் சத்தம் கேட்டாலும் இன்னும் துடிக்கும்."

"இவ்வளவுதானா?"

சுகுணா பக்கத்து ஆட்டின் முகத்தில் துண்டைப் போட்டாள். சுடலைச்செல்வி வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது மடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. சுடலைமாடனுக்குப் படைக்க வைத்திருந்த கஞ்சா. அவள் மாமனார் காலத்திலிருந்து, கழிச்சல் கண்ட ஆட்டுக்கும் இழுப்பு வந்த ஆட்டுக்கும் அந்த வீட்டில் கொடுக்கிற மருந்து அதுதான். கருப்பட்டியோடு பிசைந்து உருண்டையாக்கி, துடிப்பு கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து, ஒவ்வொன்றாகப் பதினோரு ஆட்டின் கடைவாயில் திணித்தாள்.

சுகுணா தடுக்கவில்லை. அத்தனை ஆட்டுக்கும் கொடுக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு ஆடு கால் மணி நேரத்தில் அடங்கியது. இன்னொன்றும் அடங்கியது. ஆனால் கடைசியாகக் கொடுத்த இரண்டு ஆடுகள், அதுவரை வெறும் நடுக்கத்தோடு நின்றுகொண்டிருந்தவை, சாய்ந்து விழுந்து வெட்டி இழுக்க ஆரம்பித்தன.

"போதும் அக்கா, நிறுத்துங்க."

"ரெண்டு நின்னுச்சே, பாக்கல?"

"ரெண்டு விழுந்துச்சே. அதையும் பாருங்க."

கல்லூரியில் இதையும் அவள் பார்த்திருந்தாள். உரிமம் வாங்கி, கஞ்சாச் சாறு எடுத்து, எலிகளுக்குக் கொடுத்து, பிறகு இதே வாசலை அடைக்கிற இன்னொரு விஷத்தை ஊசியில் ஏற்றினாள். குறைவாகக் கொடுத்த எலிகளுக்குத் துடிப்பு தாமதமாக வந்தது. கூடுதலாகக் கொடுத்த எட்டில் ஐந்து, மற்ற எலிகளுக்கு முன்பே துடித்துச் செத்தன. கஞ்சா சேதி கொண்டுபோகிறவன் வாயைப் பொத்துகிற சரக்கு. 'ஓடு' என்கிறவன் வாயையும் பொத்தும், 'நில்' என்கிறவன் வாயையும் பொத்தும். எவன் வாயை முதலில் பொத்தும் என்பது அளவைப் பொறுத்தது, அந்த மூளை அப்போது இருக்கிற நிலையைப் பொறுத்தது. துடிப்பு தாமதமானதை மட்டும் ஆய்வேட்டில் எழுதினால் அழகாக இருக்கும் என்றார் அவளுடைய பேராசிரியர். அவள் இரண்டையும் எழுதினாள்.

இதைச் சுடலைச்செல்வியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் புஞ்சைக்குள்ளிருந்து ஓர் அலறல் கேட்டது.

கருத்தப்பாண்டி எப்போது போனான் என்று யாரும் கவனித்திருக்கவில்லை. பருத்திக்குள்ளிருந்து வந்தான். ஒரு கையில் பூவனலிங்கத்தின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தான். மறு கையில் பூச்சிமருந்துத் தகர டப்பா. அரையில் அரிவாள் செருகியிருந்தது. பூவனலிங்கத்துக்கு ஐம்பது வயது இருக்கும். மருந்தடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே பிடித்திருக்கிறான். முதுகில் தெளிப்பான் வார் அறுந்து தொங்கியது. மூக்கு உடைந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது.

"ஏலே, விட்டுருலே, விட்டுரு" என்று கத்திக்கொண்டே வந்தார்.

கருத்தப்பாண்டி அவரைச் செத்த ஆட்டின் மேல் தள்ளினான். "பாரு. நல்லாப் பாரு. நீயா வச்ச?"

பூவனலிங்கம் எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் துடிக்கிற ஆடுகளைப் பார்த்தார். அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சுகுணா பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். அவர் சொல்லவில்லை.

"ஆமாலே, நான்தான் வச்சேன்! என் புஞ்சையில வச்சேன். மூணு தடவ சொன்னேன், கேட்டியளா? எம் பொண்டாட்டி தலையில சுமந்து ஊத்துன தண்ணிலே அது! தல முடியெல்லாம் கொட்டிப்போச்சு அவளுக்கு. ஒங்க ஆட்டு வாயில போறதுக்கா சுமந்தா?"

கருத்தப்பாண்டி பக்கத்தில் கிடந்த தொரட்டியை எடுத்தான். ஆட்டுக்குக் குழை பறிக்கிற நீளக் கம்பு. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியைத் தடுக்கப் பூவனலிங்கம் வலது கையைத் தூக்கினார். கை ஒடிகிற சத்தம் காய்ந்த சோளத்தட்டை ஒடிகிற மாதிரி கேட்டது.

"யய்யா, அடிக்காதீங்க! ஏலே, நிறுத்து!" சுகுணா ஓடினாள். கருத்தப்பாண்டியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் இடித்தான். நெஞ்சில் விழுந்த இடியில் அவள் பின்னால் போய் முள்ளுக்குள் விழுந்தாள். உள்ளங்கையில் முள் ஏறி மறுபக்கம் தெரிந்தது.

அவள் எழுவதற்குள் கருத்தப்பாண்டி பூவனலிங்கத்தின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி டப்பாவைத் திறந்துவிட்டான். பூவனலிங்கம் பல்லைக் கடித்துத் தலையை அங்கும் இங்கும் ஆட்டினார். மருந்து கன்னத்தில் வழிந்தது.

"அண்ணே, தலையப் பிடி" என்றான் கருத்தப்பாண்டி.

சுகுணா வெயிலுமுத்துவைப் பார்த்தாள். அவன் பிடிக்க மாட்டான் என்றுதான் நினைத்தாள். அவன் மெதுவாக நடந்து வந்தான். மண்டி போட்டு உட்கார்ந்தான். பூவனலிங்கத்தின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, கட்டை விரலைத் தாடைக்குள் கொடுத்து, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி வாயைத் திறந்தான்.

மூன்று மடக்கு உள்ளே போனது. நாலாவது மடக்கில் பூவனலிங்கம் இருமி எல்லார் முகத்திலும் துப்பினார். கருத்தப்பாண்டி டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தான். "இப்பத் துடி. நாங்க பாக்குதோம்."

ஆடுகளின் பல் கடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பூவனலிங்கம் ஒடிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

சுகுணா முள்ளைப் பிடுங்கிப் போட்டாள். "காமராஜ் அண்ணாச்சி, ஊருக்குப் போங்க. எந்த வண்டி கிடைச்சாலும் கூட்டிட்டு வாங்க. டெலிபோன் பூத்துல போலீசுக்கும் விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்கும் சொல்லுங்க. எண்டோசல்பான் குடிச்சிருக்காருன்னு பேரச் சொல்லுங்க." காமராஜின் மொபெட் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கருத்தப்பாண்டி தடுக்கவில்லை.

சுடலைச்செல்வி ஒரு சொம்பில் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். நடந்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "வாந்தி எடுக்க வைப்போம்மா. ரெண்டு பேரும் தூக்குக்குப் போயிருவாவளே."

"குடுக்காதீங்க. எண்ணெயில கரைச்ச மருந்து அது. வாந்தி வந்தா நெஞ்சுக்குள்ள போயி மூச்சடைச்சிரும்." சுகுணா பூவனலிங்கத்தின் சட்டையைக் கழற்றி, முகத்தையும் கழுத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவினாள். "அண்ணாச்சி, என்ன செய்யுது?"

"உதடு மரத்துப் போச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "நாக்கும்" என்றார். பிறகு, சம்பந்தமே இல்லாமல், "வெயிலம்மா எங்க?" என்று கேட்டார். அதுதான் அவர் அன்றைக்குக் கடைசியாகப் பேசியது.

இருபது நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. முதலில் முகத்தின் ஒரு பக்கம் துள்ளியது. பிறகு உடம்பு முழுக்க விறைத்து, தொண்டையிலிருந்து மனிதக் குரலே இல்லாத ஒரு சத்தம் வந்தது. பின்மண்டை தரையில் இடித்தது. இடித்து, இடித்து, கரிசல் கட்டி உடைந்து தூளானது. ஒடிந்த கையும் சேர்ந்து ஆடியது. பக்கத்தில் கிடந்த ஆடும் அவரும் ஒரே மாதிரி துடித்தார்கள். உதடு நீலமாக மாறியது.

சுகுணா பெட்டியை நோக்கிப் போனாள். கருத்தப்பாண்டி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். கையில் அரிவாள்.

"அது எங்க ஆட்டுக்கு வந்த ஊசி டாக்டரம்மா. அங்கன ஆறு ஆடு இன்னும் துடிச்சிட்டுக் கெடக்கு. அதுக்குப் போடுங்க. இவனுக்குப் போட விட மாட்டேன்."

"மனுசன்யா அவரு."

"ஆட்டுக்கு வச்சவன்."

வெயிலுமுத்து பூவனலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்து பிடித்த அதே விரல்களால் இப்போது அவர் தோளைப் பிடித்து அமுக்கப் பார்த்தான். "ஏட்டி செல்வி, அந்த உருண்டையக் கொண்டா! ரெண்டு ஆடு நின்னுச்சில்லா, இவருக்கும் நிக்கும், கொண்டா!" என்று கதறினான். அவளும் பொட்டலத்தோடு ஓடிவந்தாள். அவன் உருண்டையை வாங்கி, கடிபட்ட பல்லுக்கு நடுவே திணிக்கப் போனான்.

"வேண்டாம்!" சுகுணா பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். "இப்ப எது வாயில போட்டாலும் மூச்சுக்குழல்ல போயிரும். அப்படியே உள்ள போனாலும் அது நிறுத்துமா கூட்டுமான்னு எனக்கே தெரியாது. தெரியாதத மனுசனுக்குக் குடுக்க முடியாது. ஒருக்களிச்சுப் போடுங்க. தலைக்கடியில துண்ட வைங்க. என்கிட்ட ரெண்டு ஊசி இருக்கு. ஒங்க தம்பியத் தள்ளச் சொல்லுங்க!"

"ஏலே கருத்தா, தள்ளிப் போ" என்றான் வெயிலுமுத்து.

"மாட்டேன்."

சுகுணா அவனைச் சுற்றிக்கொண்டு பெட்டிக்குக் கையை நீட்டினாள். கருத்தப்பாண்டி வீசினான். அவளைப் பயமுறுத்த வீசினானா, பெட்டியை உடைக்க வீசினானா, அவனுக்கே தெரிந்திருக்காது. அரிவாள் முனை அவள் இடது முன்னங்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு இழுத்தது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு ரத்தம் கொட்டியது.

வெயிலுமுத்து எழுந்ததை அவள் பார்க்கவில்லை. தொரட்டிக் கம்பு காற்றில் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. தம்பியின் முழங்காலுக்குப் பக்கவாட்டில் விழுந்தது அடி. கருத்தப்பாண்டி அம்மா என்று கத்திக்கொண்டு சரிந்தான். எழப் பார்த்தான். வெயிலுமுத்து இன்னொன்று போட்டான், அதே காலில். அரிவாளைக் காலால் தூரத் தள்ளினான். பிறகு கம்பைப் போட்டுவிட்டு, தம்பியின் மேலேயே விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் புழுதியில் புரண்டார்கள். அழுகிறார்களா அடித்துக்கொள்கிறார்களா என்று தெரியவில்லை.

சுடலைச்செல்வி தன் முந்தானையைக் கிழித்துச் சுகுணாவின் கையில் இறுக்கிக் கட்டினாள். சுகுணா பல்லால் ஊசி உறையைக் கடித்து இழுத்தாள். பூவனலிங்கத்தின் இடது கைதான் உருப்படியாக இருந்தது. சுடலைச்செல்வி அந்தக் கையின் மேல் முழு உடம்பையும் சாய்த்து அமுக்கினாள். முதல் குத்தில் நரம்பு வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. மூன்றாவதில் குழாய்க்குள் ரத்தம் ஏறி வந்தது.

மெதுவாகத் தள்ளினாள். வேகமாகத் தள்ளினால் துடிப்போடு மூச்சும் நின்றுவிடும். ஆட்டுக்குத் தெரிந்த கணக்கு அவளுக்கு உண்டு. மனிதனுக்குப் புத்தகத்தில் படித்ததுதான். பாதி போனபோது கால் நின்றது. முக்கால் போனபோது தாடை தளர்ந்தது. உடம்பு ஈரத் துணி மாதிரி விழுந்தது. அவர் வாயருகே கன்னத்தை வைத்தாள். மூச்சு வந்தது. சுடலைச்செல்வி அவள் முகத்தையே பார்த்தாள். சுகுணா தலையாட்டினாள்.

காமராஜ் ஒரு மினிடோர் சரக்கு வண்டியோடு வந்தார். முன்சீட்டில் வெயிலம்மாள் இருந்தாள். இறங்கி ஓடிவந்து புருஷனைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். சாக்கு விரித்த பின்தட்டில் அவரைப் படுக்கப்போட்டு, ஒருபக்கம் சுகுணாவும் ஒருபக்கம் வெயிலம்மாளும் உட்கார்ந்தார்கள். நாகலாபுரத்தைத் தாண்டும்போது துடிப்பு மறுபடியும் வந்தது. குலுங்குகிற வண்டியில், ஓட்டுநரை நிறுத்தச் சொல்லி, ஆறாவது ஊசியையும் போட்டாள். விளாத்திகுளம் போய்ச் சேர்ந்தபோது அவருக்கும் உயிர் இருந்தது. அவளுக்கும் நினைவு இருந்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்த நர்ஸ்தான் அவளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

பூவனலிங்கம் பாளையங்கோட்டையில் பதினெட்டு நாள் கிடந்து பிழைத்தார். சுகுணாவுக்குக் கையில் பத்தொன்பது தையல். கையோடு மேலிடத்திலிருந்து ஓர் ஓலையும் வந்தது: கால்நடை மருத்துவர் மனிதருக்கு ஊசி போட்டது எந்த விதியின்படி? விளக்கம் எழுதினாள். மூன்று மாதம் வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். பிறகு அதே புதூருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

வழக்கு இரண்டு வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது. அவள் இரண்டு வழக்கிலும் சாட்சி. ஆடுகளைக் கொன்றதற்குப் பூவனலிங்கத்தின் மேல் ஒன்று. செத்த பதினைந்து ஆட்டின் பரிசோதனை அறிக்கையும் அவள் எழுதியது. பூவனலிங்கத்தைக் கொல்லப் பார்த்ததற்கு அண்ணன் தம்பி மேல் ஒன்று. ஆகவே ஊரில் இரண்டு பக்கமும் அவளோடு பேசவில்லை.

கருத்தப்பாண்டியின் வக்கீல் கெட்டிக்காரர். "பாதிக்கப்பட்டவருக்கு இப்போது ஞாபகம் சரியில்லை. பேச்சு குழறுகிறது. அது விஷத்தாலா, நீங்கள் ஏற்றிய மிருக ஊசியாலா?" என்று கேட்டார்.

"மருந்து ஒண்ணுதாங்கய்யா. ஆட்டுக்கு ஒண்ணு, மனுசனுக்கு ஒண்ணுன்னு கிடையாது. மூளைக்குக் காற்று போகாம துடிச்ச நேரம்தான் காரணம்."

"கஞ்சா கொடுத்த ஆடுகள் பிழைத்தன என்று உங்கள் அறிக்கையே சொல்கிறது. அதை அவருக்குக் கொடுக்க வந்த வெயிலுமுத்துவைத் தடுத்தீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்ய வந்த உதவியைத் தடுத்தது நீங்கள்தானே?"

சுகுணா அறிக்கையைப் பார்க்கவில்லை. எண்கள் மனப்பாடம். "கஞ்சா தின்ன ஆடு பதினொண்ணு. அதுல பிழைச்சது அஞ்சு. ஊசி போட்டது நாலு, அதுல பிழைச்சது மூணு. எதுவுமே குடுக்காம விட்டது பன்னிரண்டு. அதுல பிழைச்சது நாலு. கஞ்சா தின்னு பிழைச்ச அஞ்சுக்கும் தின்னாம பிழைச்ச நாலுக்கும் நடுவுல நான் எந்த உண்மையையும் சொல்ல முடியாது. எந்த ஆடு எவ்வளவு தவிடு தின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. நடுக்கத்தோட நின்ன ரெண்டு, கஞ்சா தின்ன பிறகு விழுந்து செத்துச்சு. அதையும் எழுதியிருக்கேன். அது உதவும்னு ஒருத்தர் சத்தியம் பண்ணுனா நம்பாதீங்க. உதவாதுன்னு பண்ணுனாலும் நம்பாதீங்க."

"அப்படியானால் வெயிலுமுத்து காப்பாற்றத்தான் முயன்றார்?"

கூண்டில் நின்ற வெயிலுமுத்து தலையைத் தூக்கினான். அவன் பக்கத்தில் கருத்தப்பாண்டி கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்றான். அந்த முழங்கால் மடங்கவே இல்லை.

"ஆமா, முயற்சி பண்ணுனாவ" என்றாள் சுகுணா. "தம்பிய அவிய அடிச்சுச் சாய்க்காட்டி நானும் இருந்திருக்க மாட்டேன், அவரும் இருந்திருக்க மாட்டாரு. அதுக்கு முன்னால வாயத் திறந்து பிடிச்சதும் அவியதான். ரெண்டையும் எழுதிக்கோங்க."

கருத்தப்பாண்டிக்கு ஏழு வருஷம். வெயிலுமுத்துவுக்கு மூன்று. பூவனலிங்கத்தின் நிலையைப் பார்த்து அவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது சுடலைச்செல்வி வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். சுகுணா அவள் அருகில் போனாள்.

"பேசாம போயிருங்க டாக்டரம்மா" என்றாள் சுடலைச்செல்வி. "ஒங்கள ஏசவும் எனக்கு வாய் வரல. ஒங்ககூடப் பேசவும் வாய் வரல." அவள் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.

அதற்கடுத்த மாசி மாதம் வெள்ளூருணிப்பட்டிக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தபோது, வெயிலம்மாள் தெருவில் ஓடிவந்தாள். "அம்மா, அவியளுக்கு இழுப்பு வந்திருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

மாதத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது என்றாள் நடந்துகொண்டே. ஆஸ்பத்திரி மாத்திரை இருந்தது. ஆனால் வெயிலம்மாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டாள்: வருகிற நேரத்தில் தான் என்ன செய்ய வேண்டும்? இத்தனை நாளும் யாரும் சொல்லவில்லை. கையில் இரும்பைக் கொடுத்துக்கொண்டு பார்த்தபடி நின்றிருக்கிறாள்.

பூவனலிங்கம் முற்றத்தில் கிடந்தார். சுகுணா அவர் கையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அப்பால் வைத்தாள். இடுப்பைப் பிடித்து ஒருக்களித்துப் போட வெயிலம்மாளுக்குக் காட்டிக்கொடுத்தாள். வேட்டி முடிச்சைத் தளர்த்தச் சொன்னாள். வாய்க்குள் எதையும் கொடுக்கக் கூடாது என்றாள். அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"எவ்வளவு நேரம்னு எண்ணுங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரி. அதுக்குள்ள நின்னா பயப்படாதீங்க."

இரண்டு பெண்களும் அவருக்கு இருபக்கமும் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். வெயிலம்மாள் சத்தமாக எண்ணினாள். நூற்று நாற்பது வரை எண்ணியபோது கால் ஆடுவது நின்றது. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கண்ணைத் திறந்து, யாரோ புதிய ஆள் என்பது போலச் சுகுணாவை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு?" என்றார் குழறலாக.

"மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா" என்றாள் வெயிலம்மாள்.

"நம்மகிட்ட மாடு இல்லையே" என்றார் அவர்.

வெயிலம்மாள் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, காப்பி போட எழுந்து போனாள்.